நடவு முடிந்த நாற்றும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(யூபிலி ஆண்டையொட்டி நம் பங்கில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டு என்பது கோவிலுக்கு வர்ணம் பூசுவதும், கொடிமரத்தைப் புதுப்பிப்பதும், தேரை அலங்கரிப்பதும் மட்டும் அன்று. பழைய ஏற்பாட்டில், வீட்டை இழந்து போனவன் மீண்டும் தன் வீட்டுக்குத் திரும்பி வரும் ஆண்டே யூபிலி ஆண்டு. லேவியர் நூலின் 25-ம் அதிகாரத்தில் இதனைக் காணலாம். ஆகவே, நம் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு நம்மை விட்டு வெகுதூரம் போய்விட்ட ஒரு கூட்டத்தாரைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரையுள்ள நம் பிள்ளைகளே அவர்கள்.

"சாமி, ஏழாம் வகுப்பு வரைக்கும் பூசை உதவினான், சொன்ன சொல் தட்டமாட்டான். இப்ப ஒரு வார்த்தை கேட்டா நாலு வார்த்தை பேசுறான்." "சாமி, எந்நேரமும் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கா. என்னன்னு கேட்டா அழுவுறா." இப்படி நம்மிடம் வந்து சொல்லாத தாயும் தந்தையும் இந்தப் பங்கில் குறைவு. பிள்ளை கெட்டுப் போய்விட்டானோ, யாராவது எதையாவது செய்து வைத்துவிட்டார்களோ என்று அஞ்சுகிறீர்கள்.

உங்களில் பெரும்பாலோர் காவிரித் தண்ணீரில் பயிர் செய்தவர்கள், அல்லது பயிர் செய்தவர்களின் பிள்ளைகள். நாற்றங்காலில் பச்சைப்பசேல் என்று நின்ற நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டவுடன் என்ன ஆகிறது? ஏழெட்டு நாள் வெளிறிப்போய், தலை சாய்ந்து, செத்ததா பிழைத்ததா என்று தெரியாமல் நிற்கிறது. அதைக் கண்டு எந்த விவசாயியும் நாற்றைத் திட்டுவதில்லை. வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்ப்பதும் இல்லை. வயல் காயாமலும் நாற்று மூழ்காமலும் அளவாகத் தண்ணீர் கட்டிக் காத்திருக்கிறான். பிறகு பயிர் பச்சை பிடிக்கிறது. நம் பிள்ளைகளும் ஒரு வயலிலிருந்து மற்றொரு வயலுக்கு மாற்றி நடப்பட்டவர்களே. அந்த நாள்களில் அவர்களுக்குள் நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் நம் அச்சமும் கோபமும் பாதியாகக் குறையும்.

பருவமடைதல் உடம்பில் தொடங்கி உடம்போடு முடிகிற காரியம் என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். உண்மையில் அது தொடங்குவது மூளையில். மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலமஸ் என்னும் சிறு பகுதி உண்டு. குழந்தைப் பருவம் முழுவதும் அடங்கிக் கிடந்த அதன் நரம்பணுக்கள், ஒரு காலம் வந்ததும் விட்டு விட்டு ஆணை அனுப்பத் தொடங்குகின்றன; முதலில் இரவுத் தூக்கத்தின்போதுதான் இது நடக்கிறது. அதற்குக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அந்த ஆணையை ஏற்று வேலை செய்யத் தொடங்குகிறது. அதன் பயனாகப் பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜனும், ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோனும் பெருகுகின்றன. இம்மாற்றம் பொதுவாகப் பெண் பிள்ளைகளுக்கு 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையிலும், ஆண் பிள்ளைகளுக்கு 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையிலும் தொடங்கும். இந்த ஹார்மோன்கள் மீசையையும் குரலையும் மாற்றுவதோடு நில்லாமல், இரத்தத்தின் வழியே மூளைக்கே திரும்பிச் சென்று அதையும் மாற்றுகின்றன.

ஆறு வயதுக்குள் மூளை தன் அளவில் ஏறத்தாழத் தொண்ணூறு விழுக்காட்டை எட்டிவிடுகிறது. ஆகையால் அதன் வளர்ச்சி குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1999-ம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஜே கீட் என்பவரும் அவருடைய குழுவினரும், பிள்ளைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் சில ஆண்டு இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் படமெடுத்து, தாங்கள் கண்டதை வெளியிட்டார்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையின் சாம்பல்நிறப் பகுதி பதினொன்று, பன்னிரண்டு வயது வரை பெருகி, அதன்பின் மெல்ல மெல்லக் குறைவதைக் கண்டார்கள். குறைவது நோயினால் அன்று. பயன்படாத நரம்பிணைப்புகள் கழிக்கப்படுகின்றன. பயன்படுபவை கொழுப்புறை போர்த்தப்பெற்று வேகமும் உறுதியும் அடைகின்றன. கனி மிகுதியாய்த் தரும்படி திராட்சைக் கொடியைக் கழித்துவிடும் தோட்டக்காரரை நற்செய்தியில் நாம் அறிவோம். அத்தகைய வேலை நம் பிள்ளையின் தலைக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

இதில் நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. கோபம், அச்சம், ஆசை, மகிழ்ச்சி ஆகியவற்றுக்குரிய உட்பகுதிகள் பருவமடைந்தவுடன் கொந்தளிக்கத் தொடங்குகின்றன. பின்விளைவை எண்ணிப் பார்த்து, "பொறு" என்று தடுக்கும் முன்மூளையோ இருபது வயதைத் தாண்டி, இருபத்தைந்தை ஒட்டித்தான் முழு முதிர்ச்சி பெறுகிறது. வாய்க்காலில் புதுவெள்ளம் வந்துவிட்டது. மதகுப் பலகை இன்னும் செய்து முடியவில்லை. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் இவ்வயதினர் தனியே இருக்கும்போது எடுப்பதைவிட அதிக ஆபத்தைத் துணிந்து எடுக்கிறார்கள் என்று 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தஞ்சைச் சாலையில் ஒரே வண்டியில் மூன்று பையன்கள் பறப்பதையும், கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தவுடன் நீச்சல் தெரியாதவனும் குதிப்பதையும் கண்ட நமக்கு இது புதிய செய்தி அன்று. காரணம் மட்டுமே புதிது.

நம் திருச்சபையின் சட்டத்தையும் சற்று நினைத்துப் பாருங்கள். புது நன்மை வாங்க ஏழு வயதில் விவரம் வந்தால் போதும் என்கிறது திருச்சபை. நிரந்தர வார்த்தைப்பாடு கொடுக்கவோ 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குருப்பட்டத்துக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். இது நன்று, இது தீது என்று அறிவது வேறு. அறிந்தபடி தன்னை ஆள்வது வேறு. மூளையைப் படமெடுக்கும் கருவி வருவதற்கு முன்பே நம் தாய்த் திருச்சபை இந்த வேற்றுமையை அனுபவத்தால் அறிந்திருந்தது. அப்படியிருக்க, பதினான்கு வயதுப் பையன் நாற்பது வயது மனிதனைப் போல நிதானம் காட்டவில்லை என்று நாம் அவனைத் தண்டிப்பது நீதியா?

இனி, சற்றுக் கவலையான பகுதிக்கு வருகிறோம். இந்தக் கொந்தளிப்பு பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காலம் வந்தால் அடங்கிவிடுகிறது. சிலருக்கு அடங்குவதில்லை. மனநோய்களில் ஏறத்தாழப் பாதி எப்போது தொடங்குகின்றன என்று பார்த்தால், பெரியவனாகிக் குடும்பபாரம் ஏறிய பிறகு அன்று. ஏறத்தாழ 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன. 10 வயதிலிருந்து 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறையுடன் வாழ்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நம் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பெஞ்சில் ஏழு பிள்ளைகள் உட்காருகிறார்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பெஞ்சைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை நாம் புத்தகத்தில் மட்டும் படித்து அறியவில்லை. நாம் செய்த பிழை ஒன்றை உங்கள் முன் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பையன் இன்று வளர்ந்த மனிதர். அவர் சம்மதித்ததால் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம்.

முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் பதினான்கு வயதுப் பீடச்சிறுவன் ஒருவன் இருந்தான். காலைப் பூசைக்கு மணி அடிப்பவன் அவனே. சில மாதமாகத் தாமதித்து வரத் தொடங்கினான். ஒருநாள் நற்கருணை மன்றாட்டின்போது பீடத்துப் படியிலேயே தூங்கிவிட்டான். பூசை முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் பார்க்க அவனைக் கடிந்துகொண்டு, அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னோம். அவனுடைய அப்பாவும், "இன்னும் நல்லாக் கண்டியுங்க சாமி" என்றார். அன்று சாயங்காலமே பையன் வீட்டை விட்டுப் போய்விட்டான். நான்கு நாள் கழித்துத் திருச்சி ரயில் நிலையத்தில் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள்.

அந்த நான்கு இரவும் நாம் தூங்கவில்லை. வந்தவனிடம், "ஏன்டா தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நெடுநேரம் கழித்து, "ராத்திரில தூக்கமே வரல சாமி. விடியக்காலைலதான் கண்ணு சொருகுது. நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு தோணிக்கிட்டே இருக்கு" என்றான். குரல் உடைந்த நாளிலிருந்து பாட்டுக் குழுவில் பிள்ளைகள் சிரித்தார்களாம். அன்றுமுதல் பாடுவதையும் பேசுவதையும் விட்டிருக்கிறான். அவன் பாடாததை நாமும் கவனித்தோம். திமிர் என்று நினைத்தோம். மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது அது மனச்சோர்வு நோய் என்று தெரிந்தது. சிகிச்சை பெற்றான், சில மாதங்களில் தேறினான். எட்டு மாதமாக அவன் ஒவ்வொரு நாளும் நம் கண்முன் நின்றான். தத்துவமும் இறையியலும் படித்த நமக்கு அவனிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் இன்றும் நம் மனத்தை அறுக்கிறது.

பிள்ளை வீட்டை விட்டுப் போவது நம் ஊருக்குப் புதிதா? சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜனை உலகமே அறியும். 1904-ல் நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுடன் தேறி, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார் அவர். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் செல்லவில்லை, உதவித்தொகை பறிபோனது. 1905-ல், பதினேழாம் வயதில், யாருக்கும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். ஓடிப்போகிற பிள்ளையெல்லாம் இராமானுஜன் ஆவான் என்று நாம் சொல்லவில்லை. தேர்வில் தோற்ற அவமானம் அத்தகைய அறிவாளியையே வீட்டை விட்டு விரட்டுமானால், நம் வீட்டுச் சாதாரணப் பிள்ளையை என்ன செய்யும் என்றுதான் கேட்கிறோம். அவர் திரும்பி வந்தார். வீடு அவரை ஏற்றுக்கொண்டது. பின்னும் தேர்வுகளில் தோற்றார். பின்னும் வீடு இருந்தது. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். தேர்வு முடிவு வரும் நாளில் இதை நினைவில் கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மகள் பெரியவளானால் தாய்மாமன் சீர் கொண்டுவருவதும், மஞ்சள் நீராட்டி மகிழ்வதும் நம் வழக்கம். மகிழ்ச்சியை நாம் குறை கூறவில்லை. ஆனால் தெருமுனையில் அவள் படத்தைப் பெரிய பேனராகக் கட்டும் முன், அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா? மறுநாள் வகுப்பில் அவள் எத்தனை பேரின் பார்வையைத் தாங்க வேண்டும் என்று எண்ணினீர்களா? பருவமடைந்த பின் மனச்சோர்வு ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளை ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாய்ப் பீடிக்கிறது. மற்றத் தோழிகளுக்கு முன்பே பருவமடையும் சிறுமிக்கு இத்துன்பம் இன்னும் கூடுதல்.

தனியே ஒதுக்கி வைக்கும் பழக்கத்தை நாம் அடியோடு விட வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று விடியற்காலையில் கஜா புயல் நம் டெல்டாவைச் சூறையாடியதை மறந்திருக்க மாட்டீர்கள். பட்டுக்கோட்டைக்கு அருகே அணைக்காட்டில், முதன்முதலாய்ப் பருவமடைந்ததால் வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி, அக்குடிசையின்மேல் தென்னைமரம் விழுந்து இறந்துபோனாள். அவளைப் பெற்றவர்கள் கொடியவர்கள் அல்லர், நம்மைப் போன்றவர்களே. வழக்கம் அவர்கள் கையைக் கட்டியிருந்தது. புயல் வராத வீடுகளிலும், "தொடாதே, வெளியே இரு" என்ற சொல் ஒரு சிறுமியின் மனத்தில் மரம் போலத்தான் விழுகிறது. தன் உடம்பு தீட்டு என்று கற்றுக்கொண்ட பிள்ளை, அது தூய ஆவி வாழும் ஆலயம் என்று மறைக்கல்வியில் நாம் சொல்வதை எப்படி நம்புவாள்?

ஆண் பிள்ளைக்கோ சடங்கும் இல்லை, சொல்வாரும் இல்லை. இரவில் தன் உடம்பில் நேர்வதை நோய் என்றும் பாவம் என்றும் எண்ணி வெந்துபோகிறான். அவன் கற்பதெல்லாம் கைப்பேசியிலும் கூடாத நண்பர்களிடத்திலும்தான்.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டியவை சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, முன்கூட்டியே சொல்லுங்கள். ஒன்பது, பத்து வயதிலேயே அம்மா மகளுக்கும், அப்பா மகனுக்கும், வரப்போகும் மாற்றங்களை வெட்கப்படாமல் எடுத்துரையுங்கள். இறைவன் படைக்க வெட்கப்படாததைச் சொல்ல நாம் வெட்கப்படுவானேன்?

இரண்டாவது, தூங்க விடுங்கள். இவ்வயதில் தூக்கத்தை வருவிக்கும் மெலட்டோனின் என்னும் ஹார்மோன் இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதித்தே சுரக்கிறது. பத்து மணிக்கு அவனுக்குத் தூக்கம் வராதது சோம்பலாலோ முரட்டுத்தனத்தாலோ அன்று. எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவைப்படும் பிள்ளையை நாலு மணிக்குத் தட்டி எழுப்பி டியூஷனுக்கு அனுப்பினால் படிப்பும் ஏறாது, மனமும் நிலைகொள்ளாது. இரவில் கைப்பேசி மட்டும் உங்கள் அறையில் இருக்கட்டும், உங்களுடையதும் அணைந்திருக்கட்டும்.

மூன்றாவது, பிறர் முன் அவமானப்படுத்தாதீர்கள். தவறைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். 1906 ஜனவரியில் சலேசியக் குருக்கள் இந்தியாவில் தங்கள் முதல் இல்லத்தைத் தொடங்கியது நம் தஞ்சையில்தான். அவர்கள் கொண்டுவந்த புனித தொன் போஸ்கோவின் வழி, அடித்துத் திருத்தும் வழி அன்று; காரணம் சொல்வது, பக்தி ஊட்டுவது, அன்பு காட்டுவது என்ற மூன்றும் சேர்ந்தது. விளையாட்டுத் திடலில் பிள்ளைகளோடு இருந்தே அவர் அவர்களை வென்றார்.

நான்காவது, வாடுவதற்கும் காய்வதற்கும் வேற்றுமை அறியுங்கள். இரண்டு நாள் முகம் தூக்கிக்கொண்டிருப்பது வாட்டம். இரண்டு வாரத்துக்கு மேல் துயரம், தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, நண்பர்களையும் விளையாட்டையும் விட்டு விலகல், தன்னைத்தானே காயப்படுத்தல், சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை கண்டால் காத்திருக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் உண்டாவதில்லை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலே உண்டாகிறது. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தாழ்வாரத்தில் வைக்காமல் பூட்டி வையுங்கள். ஒரு கணத்தின் வெறிக்குக் குறுக்கே ஒரு பூட்டு இருந்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

மருத்துவரிடம் போவதை இழிவாக எண்ணாதீர்கள். மந்திரிப்பவரிடமும் பேய் ஓட்டுபவரிடமும் இழுத்துச் சென்று நாளைக் கழிக்காதீர்கள். செபிக்க வேண்டாம் என்று ஒரு குரு சொல்வாரா? செபித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். மருத்துவரை மதிக்கும்படி சீராக் நூலின் 38-ம் அதிகாரமே நமக்குக் கற்பிக்கிறது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம். பிள்ளைகளே கூப்பிடுவதற்கு 1098 இருக்கிறது. இவ்வெண்களைக் கோவில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஒரு காலத்தில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபைச் சடங்குடன் அடக்கம் மறுக்கப்பட்டது. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனத்துயரம் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அத்தகையோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992-ல் வெளிவந்த மறைக்கல்வி நூல் போதிக்கிறது. இறந்தவர்மேல் இவ்வளவு இரக்கம் காட்டும் திருச்சபை, உயிரோடு துன்புறும் பிள்ளையின்மேல் எவ்வளவு இரக்கம் காட்ட நம்மை அழைக்கிறது! இத்துயரம் நேர்ந்த குடும்பம் நம் பங்கில் இருக்குமானால், அவர்களைப் பார்த்து யாரும் முகத்தைத் திருப்ப வேண்டாம்.

இறுதியாக, நாசரேத்து வீட்டை நினைப்போம். இயேசுவுக்கு அப்போது வயது பன்னிரண்டு. திருவிழாக் கூட்டத்தில் காணாமற்போன அவரை அன்னை மரியாவும் சூசையப்பரும் மூன்றாம் நாளில் கோவிலில் கண்டார்கள். அத்தனை வேதனைக்குப் பின்னும் அன்னை முதலில் செய்தது என்ன? ஏன் என்று கேட்டார்கள். மகன் சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். விளங்காவிட்டாலும் அழைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். விளங்காததை அன்னை உள்ளத்தில் வைத்துக் காத்தார்கள். அந்த வீட்டில் பிள்ளை ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் பெருகினார்.

கேட்பது, விளங்காவிட்டாலும் உடனிருப்பது, வீட்டுக் கதவைத் திறந்து வைப்பது: திருக்குடும்பம் நமக்குக் காட்டும் யூபிலி இதுவே. இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். மதிப்பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். "எப்படிம்மா இருக்கே?" "என்னப்பா, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் எழுந்துவிடாதீர்கள். நாற்று பச்சை பிடிக்கச் சில நாளாகும்.

அலங்கார அன்னையின் மன்றாட்டால் இறைவன் நம் பிள்ளைகளைக் காப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவில் உங்கள் அன்புள்ள
பங்குத்தந்தை